கம்பன் அரையனுக்கு ஒரு முகம்

மண்ணச்சநல்லூரிலிருந்து துறையூர் சாலையில் சென்றால் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலை ஒட்டி, நான்கு திசைகளிலிருந்தும் படியிறங்கும் ஸ்வஸ்திக வடிவக் கிணறு ஒன்றுள்ளது. ஒரு துறையில் நீராடுபவரை மறு துறையில் நிற்பவர் காண இயலாது. ஆகவே ஊரார் அதை ‘மாமியார் மருமகள் குளம்’ என்பர். பல்லவன் தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 800 வாக்கில், முடிக்கப்பட்ட பணி இது. செய்வித்தவன் ஆலம்பாக்கத்து விசையநல்லுழான் தம்பி கம்பன் அரையன். கல்வெட்டு அவன் பெயரைத் தருகிறது, தமையன் பெயரைத் தருகிறது, முகத்தைத் தரவில்லை.

அந்த முகத்தைச் செயற்கை நுண்ணறிவுப் படக்கருவிகளிடம் கேட்டுப் பார்த்தோம். இத்தகைய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தது 2022-ஆம் ஆண்டில். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படமும் வெளியாயிற்று. அதன் பின்னர் வந்தியத்தேவனையும் நந்தினியையும் கணினியிடம் வரையச் சொல்வது நம் வாசகரிடையே ஒரு பொழுதுபோக்காகவே பரவிற்று.

இல்லாத முகத்தைச் சமைப்பது நமக்குப் புதிதன்று. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் அந்நாவல் தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த குந்தவையின் கொண்டைதான் இன்றும் பலர் மனத்தில் குந்தவை. அதுவும் கற்பனையே. ஆனால் யாருடைய கற்பனை என்பது நமக்குத் தெரியும். சிற்பங்களையும் சுவரோவியங்களையும் நேரில் பார்த்துப் பழகிய கை அது. மணியத்தைத் தம்முடன் இலங்கைக்கும் அழைத்துச் சென்றவர் கல்கி. ஓவியத்தின் மூலையில் கையெழுத்து இருந்தது. பிடிக்காதவர் மணியத்தோடு சண்டையிடலாம்.

இன்னும் பின்னே போனால் திருச்சி மலைக்கோட்டை. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த லலிதாங்குரக் குடைவரையில் கங்காதரர் சிற்பம் உள்ளது. அருகிலுள்ள வடமொழிக் கல்வெட்டை ஆதாரமாக்கி, அது சிவன் மட்டுமன்று, மன்னனின் உருவமும்தான் என்று மைக்கேல் லாக்வுட் முதலானோர் வாதிட்டனர். ஏற்காதவரும் உண்டு. மாமல்லபுரம் ஆதிவராகக் குகையிலோ இந்தத் தொல்லையே இல்லை. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று உருவங்களின் மேலேயே பெயர் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் எத்தனை சாயல் உண்மை என்பது வேறு கேள்வி. பெயரையும் உருவத்தையும் இணைத்தவர்கள் அந்தக் காலத்தவர்கள் என்பதே அச்சிற்பங்களின் மதிப்பு.

கணினி தந்த கம்பன் அரையன்களுக்கு வருவோம். முதலாமவன் திரைப்பட மன்னன்: முறுக்கிய மீசை, உடற்பயிற்சிக்கூடத்து மார்பு, தலையில் வட இந்திய மணமகனின் தலைப்பாகை. பின்னணியில் ராஜஸ்தானத்துப் படிக்கிணறு. ‘ஸ்வஸ்திகம்’ என்ற சொல்லைச் சேர்த்ததும் ஒரு கருவி வரையவே மறுத்துவிட்டது. ஹிட்லரின் பாவம் திருவெள்ளறை வரை வந்து சேர்ந்தது. பல்லவச் சிற்பங்களின் மெலிந்த உடலை, உயர்ந்த மகுடத்தை, பூணூலின் வளைவைச் சொல் சொல்லாக விவரித்த பிறகே படம் சற்று நெருங்கி வந்தது. நிறம் மட்டும் எத்தனை முறை சொல்லியும் வெளுத்துக்கொண்டே போயிற்று.

காரணம் எளிது. இக்கருவிகள் இணையத்துப் படங்களையும் அவற்றுக்கு எழுதப்பட்ட வாசகங்களையும் இணைத்துப் பயின்றவை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் பயின்ற தொகுப்புகளுக்கு மூலமான லயன்-5பி-யில் ஏறத்தாழ 585 கோடி இணைகள். அவற்றில் 230 கோடிக்கு மேல் ஆங்கிலம். அங்கே அதிகம் காணப்படுவது எதுவோ அதுவே விடையாக வருகிறது. விளம்பரத்து மணமகன் திரும்பத் திரும்ப வருவான். எட்டாம் நூற்றாண்டுக் கொள்ளிடக்கரைக்காரன் வரமாட்டான்.

விளையாட்டாக இருக்கும்வரை இதில் கேடில்லை. ஆனால் ‘ராஜராஜனின் உண்மை முகம்’ என்ற குறிப்போடு இத்தகைய படங்கள் கைபேசிக்குக் கைபேசி தாவுவதைக் காண்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்தில் இருப்பவர் ராஜராஜனும் கருவூர்த் தேவரும்தானா என்று அறிஞர்கள் தயங்கிக்கொண்டிருக்க, கணினிக்குத் தயக்கமே இல்லை. அந்த ஐயம் அறிவின் ஒரு பகுதி; அதைத்தான் இப்படங்கள் முதலில் அழிக்கின்றன.

கம்பன் அரையனைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே அந்தரங்கச் சாடை அக்கிணற்றுக் கல்வெட்டிலேயே உள்ள தமிழ்ப்பாட்டு. முதுமை வந்து தளர்த்துமுன், உண்டது போக மிஞ்சியதை உலகறிய வைத்துப் போ என்பது அதன் கருத்து. இப்பொருளையும் கருவியிடம் கொடுத்தோம். வெண்தாடி முனிவர் ஒருவர் வந்தார்.

படங்களை அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் கருவியின் பெயர், நாள், நாம் கொடுத்த வாசகம் ஆகியவற்றை எழுதி வைத்திருக்கிறோம்.