செம்மணியும் குற்றவாளியின் சாட்சியமும்

யாழ்ப்பாண நகருக்குள் கண்டி வீதி வழியாகப் புகுவோர் நாவற்குழியைக் கடந்ததும் காண்பது செம்மணி வெளி. முன்னர் உப்பு விளைவுக்குப் பெயர்பெற்றிருந்த அவ்வெளி, இன்று பிறிதொரு காரணத்தால் அறியப்படுகின்றது.

1996ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி, உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் வினாத்தாளுக்கு விடையெழுதிவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பிய மாணவியொருத்தி அங்கிருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் மீளவில்லை. நால்வரும் கொன்று புதைக்கப்பட்டனர். கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன்னிலையில் நடைபெற்ற வழக்கின் முடிவில், 1998 யூலை 3இல் படையினர் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அரச படையினர் ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்டமை நம் நாட்டில் அரிது என்பதை மறத்தலாகாது.

ஆயினும் வரலாற்று மாணவர் உற்று நோக்கவேண்டியது தண்டனையையன்று, அதனையொட்டி நிகழ்ந்ததையே. குற்றவாளிகளுள் ஒருவரான சோமரத்தின இராசபக்ச என்னும் படைவீரர், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என மன்றிலே கூறினார். கொலைத் தண்டனை பெற்றவனின் சொல்லை நம்பலாமா? நியாயமான வினாவே. சான்றின் பெறுமதி சொன்னவனின் ஒழுக்கத்தில் மட்டுமன்றி, சொன்னது மெய்ப்பிக்கப்படுவதிலும் தங்கியுள்ளது. 1999இல் நிலம் அகழப்பட்டபோது 15 எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் இரண்டு, 1996இற் காணாமற்போன இருவருடையவை என இனங்காணப்பட்டன. எனினும் அவர் பெயர் குறித்த மேலதிகாரிகளுள் எவரும் தண்டிக்கப்படவில்லை. நீதி கீழ்ப்படியில் நின்றுவிட்டது.

இவ்வழக்கம் புதியதன்று. 1915இல் முஸ்லிம்களுக்கெதிராக மூண்ட கலவரத்தை அடக்கப் பிரித்தானிய ஆட்சி இராணுவச் சட்டம் பிறப்பித்தது. அதன் கீழ் நிகழ்ந்த சுடுதல்களுக்கு விசாரணை வேண்டி வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். ஆனால் அதிகாரிகளைப் பொறுப்பினின்று விடுவிக்கும் கட்டளை அவ்வாண்டிலேயே பிறந்துவிட்டது. சுதந்திர இலங்கையும் 1982இல் அத்தகைய சட்டமொன்றை இயற்றி, 1977 ஆகஸ்ட் கலவர கால நடவடிக்கைகளுக்குக் காப்பளித்தது. 1988இல் அதன் எல்லை விரிக்கப்பட்டது. செம்மணிக்கு அத்தகைய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. காலம் கடத்தலே போதியதாயிற்று. மிருசுவிலில் 2000 டிசம்பரில் எண்மர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்ற படைவீரரோ, உயர்நீதிமன்றம் 2019இல் அதனை உறுதிசெய்த பின்னரும், 2020 மார்ச்சில் சனாதிபதியின் மன்னிப்பினால் விடுதலையானார்.

2025 பெப்ரவரியில் செம்மணிச் சிந்துபாத்தி மயானத்திற் கட்டட வேலைக்காக மண் வெட்டியோர் எலும்புகளைக் கண்டனர். நீதிமன்ற மேற்பார்வையில் நடைபெற்ற அகழ்வில் அவ்வாண்டிலேயே 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பிள்ளையொன்றின் எலும்புகளுடன் நீல நிறப் புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும் இருந்தன. நாள்தோறும் புத்தகப்பைகளைக் காணும் ஆசிரியனாகிய எனக்கு அச்செய்தியை வாசித்துத் தாண்டிச் செல்ல இயலவில்லை. அப்பை எவருடையது என்பதைச் சொல்லவேண்டிய கடன் இன்று மன்றுக்குரியது.