எழுத்து வரிசையில் உறவு தேடல்

புதிய பரம்பரையலகு ஒன்றைக் கண்டறிந்த உயிரியலறிஞர், அதன் எழுத்து வரிசையை முன்னமே தொகுக்கப்பட்ட வரிசைகளோடு கணினிவழி ஒப்புநோக்குதல் இன்று வழக்கம். பரிசோதனைக்கு முன்னர் இத்தேடல் எதற்கு என வினவுவார்க்கு, 1983ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தக்க விடையாகும்.

புரதமென்பது இருபது வகை அமினோவமிலங்கள் குறித்த ஒழுங்கிற் கோக்கப்பட்ட சங்கிலி. இன்சுலினின் ஒழுங்கை முற்றாக வெளிப்படுத்திய கேம்பிரிட்சு அறிஞர் பிரெடெரிக் சாங்கர், 1958இல் நோபெற் பரிசு பெற்றார். பின்னர் ஆங்காங்கே வெளிவந்த வரிசைகளை அமெரிக்காவில் மாகிரற் டேகோவ் அம்மையார் திரட்டி, 1965இல் நூலாக்கினார். அதில் இடம்பெற்ற புரதங்கள் 65 மாத்திரமே. பிறர் கண்டவற்றைப் படியெடுக்கும் கணக்குப்பிள்ளை வேலையென்று இத்தகைய பணியை இகழ்வார் எக்காலத்தும் உளர். அன்னார் மேல்வருவதை நோக்குவாராக.

குரங்கிற் புற்றுநோயை உண்டாக்கும் வைரசொன்றின் பரம்பரையலகு வரிசை அறியப்பட்டிருந்தது. அஃது உயிரணுவைக் கெடுக்கும் முறை புலப்படவில்லை. வேறு சிலர், குருதிச் சிறுதட்டுக்களிலிருந்து வெளிப்பட்டு, காயம் ஆறுதற்பொருட்டு உயிரணுக்களைப் பெருகச்செய்யும் வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அக்காரணியின் வரிசைப் பகுதி 1983இல் வெளிவந்ததும், கலிபோணியாவில் இறசல் டூலிற்றில் அதனைத் தாம் சேர்த்துவைத்திருந்த தொகுப்பில் தேடினார். ஒப்பிட்ட பகுதியில் வைரசின் புரதமும் மனிதக் காரணியும் ஏறத்தாழ ஒன்றாயிருக்கக் கண்டார்! இலண்டனில் வாற்றர்பீல்ட் குழுவினரும் அம்முடிபையே எய்தினர்; இருசாரார் கட்டுரைகளும் அவ்வாண்டு யூலையில் வெளியாயின.

எனவே வைரசு கொணர்ந்தது அந்நிய நஞ்சன்று. விலங்குடலிலிருந்து முன்னொருகாற் கவர்ந்துகொண்ட வளர்ச்சிக் கட்டளையே. வேண்டுமிடத்து வேண்டுமளவே பிறக்கவேண்டிய அக்கட்டளை ஓயாது பிறத்தலின், உயிரணு கட்டின்றிப் பெருகுகின்றது. புற்றுநோய் பற்றிய இவ்வுண்மைக்கு வழிகாட்டியது எழுத்தொப்பீடே.

நீண்ட வரிசைகள் இரண்டு தற்செயலாக ஒத்தல் அரிது. ஒத்தவிடத்து, அவை ஒரு மூலத்தினின்றும் கிளைத்தனவெனக் கொள்ளலாம். தொழிலும் பெரும்பாலும் ஒத்திருக்கும். இக்காரணம்பற்றியே 1982இல் 'ஜென்பாங்க்' என்னும் பொதுக் களஞ்சியம் நிறுவப்பட்டது. 1990இல் வெளிவந்த 'பிளாஸ்ற்' என்னும் கணினி முறை தேடலை மிக விரைவாக்கியது.

'பெரும்பாலும்' என்றேன், மாணவர் அச்சொல்லைத் தவறவிடலாகாது. முட்டை வெண்கருவிலுள்ள லைசோசைமும் பாலிலுள்ள அல்பா லக்டல்புமினும் வரிசையில் நெருங்கிய உறவின. எனினும், முன்னையது பற்றீரியாவின் சுவரைச் சிதைப்பது. பின்னையது பால்வெல்லம் ஆக்கத்திற்குத் துணைபுரிவது.