தமிழ்நாட்டில் அரசு மனநல மருத்துவம்

சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் விடுதியை 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வாலன்டைன் கொனோலி தொடங்கினார். அதன் வழிவந்த காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. 1922-இல் அரசு மனநோய் மருத்துவமனை ஆனது. நகரப் பேச்சில் ‘கீழ்ப்பாக்கம்’ ஒரு வசைச்சொல்லாகவே புழங்கியது. உள்ளே போனவர் திரும்பமாட்டார் என்ற பயம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. 1950-களில் குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் வந்தபின்தான், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுவது பலருக்குக் கைகூடியது. 1961-இல் கண்காணிப்பாளரான சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், புறநோயாளர் பிரிவையும் தொழிற்பயிற்சியையும் விரிவாக்கினார். சுவருக்குள் மேலும் கட்டில் போடுவதைவிட இது பெரிய மாற்றம் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் மாநிலம் முழுமைக்கும் அரசு மனநோய் மருத்துவமனை கீழ்ப்பாக்கம் ஒன்றுதான். ராமநாதபுரத்துக்காரருக்கு அது 500 கிலோமீட்டருக்கு அப்பால். மாத்திரை இலவசம்தான், ஆனால் இரவுப் பேருந்து, ஓ.பி. வரிசை, மருந்து வாங்கும் ஜன்னல், மறுபடியும் பேருந்து என்று நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இரண்டு நாள் கூலி போய்விடும். கொஞ்சம் தெளிந்ததும் மருந்து நிற்கும், நோய் திரும்பும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோய் தீர வேண்டிக்கொண்டு பலர் வந்து தங்கும் ராமநாதபுரம் மாவட்டத் தர்கா ஊரான ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி மாண்டார்கள். மக்களின் மூடநம்பிக்கையே இதற்குக் காரணம், மருத்துவமனை கட்டினாலும் தர்காவுக்கும் கோயிலுக்கும்தான் போவார்கள் என்று அப்போது பலர் வாதிட்டனர். அது பாதி உண்மைகூட இல்லை. பின்னாளில் ஏர்வாடி தர்காவை ஒட்டியே அரசு மனநல மருத்துவம் கிடைக்கச் செய்தபோது, வேண்டுதலை விடாமலே மருந்தையும் வாங்கிக்கொண்டார்கள். நம்பிக்கையைக் காட்டிலும் தூரம்தான் அவர்களைத் தடுத்திருந்தது.

இந்தத் தூரத்தைக் குறைக்க வந்த மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் முதலில் தொடங்கிய ஒருசில மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இருந்தும் 2015–16 தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் வேறுபட்டு, 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையின்றி இருப்பதாகக் கண்டது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்து, அரசுச் சிகிச்சையை உரிமையாக்கியது. புறநோயாளர் சிகிச்சை பாரத்தைக் குடும்பத்தின் தலையில், குறிப்பாகத் தாயின் தலையில், இறக்கிவைக்கிறது என்ற மறுப்பை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. அதனால்தான் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் குறுகிய காலம் தங்கப் படுக்கையும், யாருமற்றவர்களுக்கு இல்லமும் கூடவே வேண்டும். சென்னையில் 1993-இல் வீடற்ற பெண்களுக்காகத் தொடங்கிய பான்யன் அமைப்பில், சிகிச்சைக்குப் பின் சொந்த ஊர்ப் பெயர் சொல்லி வீடு திரும்பியவர்கள் பலர். அந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மாத்திரை இருப்பில் இல்லாவிட்டால், அவர்கள் மறுபடியும் தெருவுக்கே வந்துவிடக்கூடும்.