சுவர் தின்ற முட்டை

சென்ற மாதம் பங்காளிகள் கூட்டத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். ஐயா கட்டிய வீட்டை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. மொத்தம் 11 பங்கு. கூட்டிப் பெருக்கக்கூட ஆள் இல்லை. ஒருவர் காகிதமும் பேனாவுமாகக் கணக்குப் போட்டார். பர்மா தேக்குத் தூணுக்கு இவ்வளவு, நிலைக்கதவுக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்வார்களாம்.

சுவருக்கு மட்டும் அவர் விலை போடவில்லை. போடவும் முடியாது. பெயர்த்தால் அது வெறும் பொடி. நான் அந்த நேரம் பட்டாலைச் சுவரில்தான் சாய்ந்திருந்தேன். வெளியே அனல் அடித்தது. முதுகு சில்லென்று இருந்தது.

நம் ஊர்ப் பக்கம் இதை முட்டைப் பூச்சு என்பார்கள். வீடு கட்டிய காலத்தைப் பற்றி அப்பத்தா சொல்வார்கள்: "சந்தையில பிள்ளைக்கு ஒரு முட்டை கிடைக்காதுப்பா. எல்லாத்தையும் சுவரு தின்னுபோட்டுது." கதை என்றுதான் அப்போது நினைத்தேன்.

கதையில்லை. இந்த வேலை நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு மிக முந்தியது. மதுரையில் 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் சுதை வேலைக்கும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும்தான் ஆதாரம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னைக்கு வந்து இந்தச் சுவர்களைப் பார்த்து, பளிங்கு என்றே மயங்கினார்கள். சுண்ணத்தைச் 'சுனாம்' ஆக்கி, 'மெட்ராஸ் சுனாம்' என்று பெயரும் வைத்தார்கள். செயின்ட் ஹெலினா தீவில் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர் சென்னையில் காரை செய்யும் முறையை எழுதி அனுப்ப, 1730களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது அச்சானது. வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த இத்தகைய குறிப்புகளில் வெல்லத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர் எல்லாம் வரும். தயிருக்கு ஆங்கிலம் தேடாமல் 'டயர்' என்றே எழுதியிருக்கிறார்கள்! எழும்பூரில் 1821இல் திறந்த புனித ஆண்ட்ரூ தேவாலயத்துக்குள் போனால் தூண்களைத் தொட்டுப் பாருங்கள். பளிங்கு அல்ல, நம் சுண்ணாம்பு.

செய்முறையை எனக்குச் சொன்னவர் எங்கள் வீட்டுக்கு வரும் வயதான கொத்தனார். கடல் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, குழியில் ஊறப்போட வேண்டும். அடிப்பூச்சுக்கு மணலோடு சேர்த்து, மாடு கட்டி இழுக்கும் வட்டக்கல்லில் அரைப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை அதில் விடுவார்கள். மேலே போகப் போகப் பூச்சின் கனம் குறையும். கடைசிப் பூச்சுக்குச் சலித்த சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெய் போல அரைத்து, முட்டை வெள்ளையைச் சேர்த்து, மெல்லிசாக இழுப்பார்கள். பிறகுதான் உண்மையான வேலை. வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் தழும்பு விழுந்துவிடும். தேய்க்கத் தேய்க்கச் சுவரில் முத்து முத்தாக நீர் அரும்பும். "சுவரு வேர்க்குது தம்பி" என்பார். அதை மெல்லிய துணியால் ஒற்றி, மறுபடி தேய்ப்பார்கள். அந்த வேர்வை நின்றால்தான் பூச்சு முடிந்ததாக அர்த்தம்.

பொறியியல் படித்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. கிளிஞ்சலைச் சுடும்போது அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. பூசிய பிறகு அதே வாயுவைக் காற்றிலிருந்து வாங்கிக்கொண்டு, சுண்ணாம்பு மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. அப்படிக் கல்லான பிறகும் ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடுகிறது. வயதாக வயதாக அது இறுகியதற்கும், ஈரம் தங்கி உப்பாமல் இருந்ததற்கும் இதுதான் காரணம்.

இதையெல்லாம் வீட்டில் இருப்பவர்களிலேயே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான். 1979 மழையில் பட்டாலைச் சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்ந்தது. கொத்தனார் வந்து பார்த்து, "மறுபடி சுண்ணாம்பே வைப்போம், கொஞ்ச நாள் ஆகும்" என்றார். எனக்கு 28 வயது. அரசு வேலை, கையில் விலைப்பட்டியல் புத்தகம். அதில் சிமெண்டுக்கு விகிதம் இருந்தது, முட்டைக்கு இல்லை. சென்னையில் 1904இலேயே சிமெண்ட் செய்ய முயன்றார்கள், அதுவும் கிளிஞ்சலிலிருந்துதான். ஆனால் எங்கள் காலத்தில் சிமெண்ட் என்றால் முன்னேற்றம், சுண்ணாம்பு என்றால் பழசு. "சிமெண்ட் பூசி ஆயில் பெயிண்ட் அடிச்சிடலாம், நாலு நாள் வேலை" என்றேன். அப்பச்சி கொத்தனாரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "படிச்ச பிள்ளை சொல்றான், அப்படியே செய்ங்க" என்றார்கள். கொத்தனார் ஒன்றும் பேசவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடியில் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட். தரையிலிருந்து ஏறிய ஈரம் அங்கே வெளியேற வழியில்லாமல் மேலே ஏறியது. ஐந்தாறு வருடத்தில், ஐயா காலத்திலிருந்து ஒரு கீறல் இல்லாமல் இருந்த மேல்பூச்சு உப்புப் பூத்துக் கொப்புளித்தது. நோய் இல்லாத இடத்தில் நோயைக் கொண்டுபோய் வைத்தவன் நான். அதற்குள் கொத்தனார் காலமாகிவிட்டார். அப்பச்சி கடைசிவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கூட்டத்தில் என் முறை வந்தபோது இதைத்தான் சொன்னேன். தூணையும் கதவையும் யாராவது வாங்கி எங்காவது நிறுத்துவார்கள், சுவருக்கு இந்த இடத்தை விட்டால் வேறு வாழ்வில்லை என்றேன். சின்னவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். முடிவைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அதற்குள் அந்த மூன்றடிச் சிமெண்டை என் செலவில் உரித்துவிட்டுச் சுண்ணாம்பு வைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு கொத்தனார், தன் தகப்பனாரிடம் கற்றவர், வருவதாகச் சொல்லியிருக்கிறார். வீடு நிற்குமோ நிற்காதோ, சுவர் அதுவரை மூச்சுவிடட்டும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சுவர் இருந்து, அடியில் பொரிந்தால், சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கும் முன் சுண்ணாம்பு தெரிந்த ஒரு கொத்தனாரைத் தேடுங்கள். படித்த பிள்ளை வேறு மாதிரி சொன்னால், என் கதையைச் சொல்லுங்கள்.