ஜப்ரும் வஸிய்யத்தும்: ஒரு நூலின் இரு பாதிகள்

பத்தாம் வகுப்பு மாணவர்கள் வீட்டுப்பாடமாகச் செய்யும் கணக்குகளுள் இருபடிச் சமன்பாடும் ஒன்று. விடை சரியாக இருந்தாலும் படிகளை எழுதாவிட்டால் மதிப்பெண் குறைந்துவிடும். பிள்ளைகளுக்கு இது வீண் தொல்லையாகத் தோன்றுகிறது. அந்தப் படிகளை ஒழுங்குபடுத்தித் தந்த நூல், கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 813-833) பக்தாதில் இயற்றப்பட்டது என்பதை அவர்கள் அறியார்.

முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய அந்நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்னும் சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. பாபிலோனியரும் கிரேக்கரும் இந்தியரும் அவருக்கு முன்பே இத்தகைய கணக்குகளைத் தீர்த்தவர்கள்தாம். அதை மறைப்பதில் நமக்குப் பெருமை எதுவுமில்லை. சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழியை வகுத்தது அவருடைய பணி. குறியீடு ஒன்றுகூட இல்லை; எண்களும் சொற்களாலேயே எழுதப்பட்டுள்ளன.

அவருடைய புகழ்பெற்ற கணக்கு இது: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39, அவ்வெண் யாது? பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதை 39 உடன் கூட்ட 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து முன்னர்க் கண்ட 5 ஐக் கழிக்க 3. இன்றைய வகுப்பறை ஏற்கும் மற்றொரு விடையாகிய -13 அவருடைய முறையில் இடம்பெறாது.

இத்துடன் அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால், ஏன் இவ்வாறு செய்ய வேண்டும் என்பதற்கு வரைபடத்தால் காரணம் காட்டுகிறார். தெரியாத எண்ணைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒன்று. அதன் அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் 5 அகலமுள்ள இரு செவ்வகங்கள். மூன்றின் பரப்பும் சேர்ந்து 39. மூலையில் ஐந்துக்கு ஐந்தாக ஓரிடம் வெறுமையாக இருக்கிறது. அந்த 25 ஐ நிரப்பினால் 64 பரப்புள்ள முழுச் சதுரமாகும். அதன் பக்கம் 8. பள்ளிப் பாடநூல் 'வர்க்கப் பூர்த்தி முறை' என்பது இதைத்தான். இக்காரணத்தை அவர் 'இல்லத்' என்று குறிப்பிடுகிறார். உஸூலுல் ஃபிக்ஹ் ஓதியவர்களுக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

ஏன் இத்தனை கவனம்? விடை அந்நூலின் பிற்பகுதியில் இருக்கிறது. நூலின் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளே. ஒருவர் இரு மகன்களை விட்டு இறக்கிறார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்நியர் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். ஒரு மகன் தந்தைக்குத் தரவேண்டிய கடன் 10 திர்ஹம். கடனில் அம்மகனுடைய பங்கிற்கு ஈடாகக் கழியும் தொகையை 'ஷைஉ', அதாவது 'ஒரு பொருள்' என்கிறார் அல்குவாரிஸ்மி. சொத்து, பத்தும் ஒரு பொருளும். மூன்றில் ஒரு பங்கு வஸிய்யத்திற்குப் போக, எஞ்சியதை இருவர் பகிர்ந்தால், ஒவ்வொருவருக்கும் மூன்றேகால் அன்று, மூன்றும் மூன்றில் ஒன்றும், அத்துடன் பொருளில் மூன்றில் ஒன்றும் கிடைக்கும். கடன்பட்ட மகனின் பங்கே அப்பொருள். ஆகவே பொருளில் மூன்றில் இரண்டு, மூன்றும் மூன்றில் ஒன்றுமாகும், பொருள் 5. கடனாளி மகன் கையிருப்பில் எதுவும் பெறுவதில்லை. மற்றவனுக்கு 5, அந்நியருக்கு 5. இங்கே ஒரு படி பிசகினால் ஒருவருடைய ஹக்கு இன்னொருவரிடம் போய்விடும்.

12 ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் செஸ்டரின் ராபர்ட்டும் (1145) கிரெமோனாவின் ஜெரார்டும் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தபோது, வஸிய்யத் பகுதியை விட்டுவிட்டனர். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. குறை கூற இயலாது. ஐரோப்பா வழியாகத் திரும்பிவந்து நம் பள்ளிகளில் நுழைந்தது அந்தப் பாதி நூல்தான். 1831 இல் ஃபிரெடெரிக் ரோஸன் அரபு மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இலண்டனில் வெளியிட்ட பிறகே, விடுபட்ட பகுதியும் மேலைநாட்டார் பார்வைக்கு வந்தது.

நம் பக்கக் குறையே பெரிது. ஹனஃபி மத்ரஸாக்களில் 'சிராஜி' ஓதும் மாணவர் அவ்ல், ரத்து, தஸ்ஹீஹ் ஆகியவற்றைச் செவ்வனே செய்கிறார். ஜப்ர் என்றால் திகைக்கிறார். பள்ளியில் ஜப்ர் பயிலும் நம் பிள்ளைக்கோ ஃபராயிழ் என்றால் என்னவென்று தெரியாது. பட்டயப் படிப்பும் ஓதலும் சேர்த்துப் பயிலும் மாணவர்களிடம் மேற்கண்ட இரு மகன்கள் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒருவர் சிராஜி வழியில் தொடங்கி, கடன் வந்த இடத்தில் நின்றுவிட்டார். மற்றொருவர் தெரியாத தொகைக்கு ஓர் எழுத்தை இட்டு, நான்கு வரிகளில் 5 என்று முடித்தார். அந்த எழுத்துக்கு அல்குவாரிஸ்மி வைத்த பெயர் 'ஷைஉ' என்றபோது, வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.