கதிராமங்கலம் எண்ணெய்க் கசிவு

தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி. எண்ணெய் நிறுவனத்தின் குழாயில் கசிவு ஏற்பட்டு வயலில் கச்சா எண்ணெய் பரவியது. போராடிய ஊர்மக்கள் மீது தடியடி நடந்தது, சிலர் கைதாயினர்.

இத்தகைய மண்ணில் மீண்டும் நாற்று நடுமுன் கறையை மட்டும் பார்த்தால் போதாது. கச்சா எண்ணெயிலுள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. நீரில் கரைந்து நிலத்தடிக்கு இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எனவே மேல்மண்ணை அள்ளுவதோடு ஆழ்மண்ணையும் அருகிலுள்ள கைப்பம்பு, போர்வெல் நீரையும் சோதிப்பது அவசியம். எஞ்சிய எண்ணெயை மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைக்கும். அதற்குக் காற்றோட்டம் வேண்டும். தண்ணீர் கட்டிய நெல்வயலில் அது குறைவு. கோடை உழவுக் காலமே இதற்குத் தோதானது.

2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர் உள்ளிட்ட பகுதியில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்தது. ஏற்கெனவே இயங்குபவற்றைத் தொடரவிட்டது. எனவே அவற்றைச் சுற்றியுள்ள நீரின் சோதனை முடிவுகளை ஊராட்சிதோறும் வெளியிட வேண்டும்.