வியன்னா காபி இல்லம்: உள்ளலங்கார வரலாறு

வியன்னா காபி இல்லம் என்பது ஆஸ்திரியத் தலைநகரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்றைய தோற்றத்தை அடைந்த உணவக வகை. பளிங்குப் பலகை போட்ட சிறு மேசை, வளைமர நாற்காலி, சன்னலோரம் மெத்தை தைத்த நீள இருக்கை, சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி, கோட்டு மாட்ட ஒரு மரத்தாங்கி, மரச்சட்டத்தில் கோத்த செய்தித்தாள்கள்: இவை சேர்ந்ததே அதன் அடையாளம். காபிக் கடை திறக்க நினைப்பவர்கள் உலகெங்கும் இன்றும் புரட்டிப் பார்க்கும் மாதிரிகளுள் இது முக்கியமானது. ஒரு கோப்பை காபி வாங்கியவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள் என்பது இங்கே வழிவழியாக வந்த நடைமுறை. அறையில் இருக்கும் பொருள்கள் எல்லாம் அந்த நடைமுறையை ஒட்டியே வடிவம் பெற்றன. படத்தைப் பார்த்து நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

தொடக்கம்

1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட உஸ்மானியப் படை தோற்றுப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மூட்டைகளில் காபிக்கொட்டை இருந்தது, அதைக் கொண்டு கோல்ஷிட்ஸ்கி என்பவர் முதல் கடையைத் திறந்தார் என்பது நகரத்தார் விரும்பிச் சொல்லும் கதை. ஆவணங்களில் கிடைப்பது வேறு பெயர். 1685இல் யோஹானஸ் தியோதாத்தோ என்ற ஆர்மீனிய வணிகர் காபி விற்க உரிமம் பெற்றார்.

தொடக்ககாலக் கடைகளில் அலங்காரம் என்று சொல்ல அதிகமில்லை. தரைத்தளத்து வளைகூரை அறை, மரப்பெஞ்சு, அடுப்பு, அவ்வளவுதான். பிறகு பில்லியர்ட்ஸ் மேசை வந்தது. 1720 வாக்கில் கிராமர் காபி இல்லம் வாடிக்கையாளர் படிக்கச் செய்தித்தாள்களைப் போடத் தொடங்கியது. இந்த இரண்டும்தான் அறையின் அளவை மாற்றின. கோலை வீசி ஆட மேசையைச் சுற்றி இடம் வேண்டும். எழுத்தைப் படிக்க வெளிச்சம் வேண்டும். கூரை உயர்ந்ததற்கும் சன்னல் அகன்றதற்கும் ஆடம்பரத்தைவிட இந்தத் தேவைகளே பெரிய காரணம்.

நெப்போலியன் காலத்து வணிகத் தடையால் காபிக்கொட்டை அரிதானபோது, கடைகள் சமைத்த உணவும் மதுவும் விற்றுப் பிழைத்தன. உணவகமும் காபிக் கடையும் ஒரே கூரையின் கீழ் வந்தது அப்போதுதான். போர் முடிந்த பின் செல்வச் செழிப்பு திரும்பியது. நாய்னர் என்பவரின் காபி இல்லத்தில் பரிமாறும் பாத்திரங்கள் வெள்ளியில் இருந்ததால் ஊரே அதை ‘வெள்ளிக் காபி இல்லம்’ என்று அழைத்தது. பெண்கள் வாடிக்கையாளராக வருவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. ஆனால் உயரமான கல்லாமேசைக்குப் பின்னால் அமர்ந்து கணக்குப் பார்த்தவர் ஒரு பெண்மணி.

வளைமர நாற்காலி

இந்த அறையின் வரலாற்றில் மற்ற எதையும்விட அதிகம் பேச வேண்டியது நாற்காலியைப் பற்றி. மிஹாயேல் டோனெட் 1796இல் ரைன் ஆற்றங்கரையிலுள்ள போப்பார்டில் பிறந்த தச்சர். மெல்லிய மரத்தகடுகளைப் பசையில் ஊறவைத்து, அச்சில் வளைத்து ஒட்டி அறைகலன் செய்யும் முறையை அவர் வகுத்தார். அவருடைய வேலையைக் கண்ட ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிஹ் அவரை வியன்னாவுக்கு அழைத்தார். 1842இல் டோனெட் அங்கே போனார். சில ஆண்டுகள் பிறரிடம் வேலை பார்த்துவிட்டு 1849இல் சொந்தப் பட்டறை போட்டார். கோல்மார்க்ட் தெருவிலிருந்த டௌம் காபி இல்லம் அவருடைய நாற்காலிகளை வாங்கியது. உணவகம் ஒன்றிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அதுதான்.

ஒட்டுமரத்தில் ஒரு குறை இருந்தது. ஈரக்காற்று மிகுந்த நாடுகளுக்குக் கப்பலில் போனால் பசை விட்டுப்போகும். ஆகவே முழுமரத்தையே வளைக்க முயன்றார். பீச் (beech) மரத்தைக் கம்பாகக் கடைந்து நீராவியில் வேகவைத்தால் இளகும். ஆனாலும் வளைக்கும்போது வெளிப்புறம் இழுபட்டு நார் நாராகக் கிழிந்துவிடும். மரம் நசுக்கலைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது. டோனெட் கம்பின் வெளிப்பக்கத்தில் ஓர் உலோகப் பட்டையை இரு முனைகளிலும் இறுகப் பிடித்துக் கட்டினார். வளைக்கையில் பட்டை நீளாது; அதனால் மரமும் நீள வழியில்லாமல் உட்பக்கமாக நெருங்கி ஒடுங்கும். பட்டையோடு சேர்த்து இரும்பு அச்சில் பூட்டி உலரவைத்தால் வளைவு நிலைத்துவிடும். பார்த்தால் எளிது. ஆனால் அதுவரை எத்தனையோ தச்சர்களுக்குப் பிடிபடாமல் இருந்த சூட்சுமம் அது.

1856இல் இந்த முறைக்குத் தனியுரிமை கிடைத்தது. பீச் காடுகளும் வேலையாட்களும் அருகிலேயே கிடைக்கும் மொராவியப் பகுதியில், கோரிச்சானி என்ற ஊரில் தொழிற்சாலை எழுந்தது. 1859இல் வெளிவந்த 14ஆம் எண் நாற்காலிதான் பின்னாளில் ‘காபிக் கடை நாற்காலி’ என்றே பெயர் பெற்றது. மொத்தம் ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள். பின்கால்கள் இரண்டும் முதுகுச் சாய்மானமும் ஒரே கம்பின் வளைவு. உள்ளே இன்னொரு சிறு வளைவு, இருக்கைக்கு ஒரு வளையம், கால்களை இணைக்க ஒரு வளையம், முன்கால்கள் இரண்டு. இருக்கையில் பிரம்புப் பின்னல். சிந்திய காபி அதில் தேங்காமல் வடிந்துவிடும், காற்றும் புகும். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். போய்ச் சேரும் ஊரில் யார் வேண்டுமானாலும் திருகிப் பூட்டிக்கொள்ளலாம். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் டோனெட் நிறுவனம் தங்கப் பதக்கம் பெற்றது. 1930க்குள் இந்த ஒரு மாதிரியில் மட்டும் சுமார் 5 கோடி நாற்காலிகள் விற்றிருந்தன.

கடைக்காரருக்கு இதனால் வந்த நன்மை பெரியது. எடை குறைவு, ஒரே கையால் தூக்கி நகர்த்தலாம். உடைந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றலாம். மெலிந்த வளைவுகள் கண்ணை மறைக்காததால் அறை நெரிசலாகத் தெரியாது. 1869இல் தனியுரிமை முடிந்ததும் யாகோப் – யோசெப் கோன் நிறுவனம் உட்படப் பலர் களத்தில் இறங்கினர்.

வட்டச்சாலையும் மாளிகைகளும்

1857இல் பேரரசர் பிரான்ஸ் யோசெப் நகர மதிலை இடிக்க ஆணையிட்டார். அந்த இடத்தில் வந்த வட்டச்சாலை 1865இல் திறக்கப்பட்டது. புதுக் கட்டடங்களின் முனைகளில் இரண்டு பக்கமும் சன்னல் வைத்த பெரிய காபி இல்லங்கள் அமைந்தன. 1873இல் லாண்ட்மன், வட்டச்சாலைக்குச் சற்று வெளியே 1880இல் ஸ்பெர்ல். ஹைன்ரிஹ் ஃபெர்ஸ்டெல் கட்டிய மாளிகையில் 1876இல் திறந்த சென்ட்ரல் காபி இல்லத்தின் தூண்களும் கூர்வளைவுக் கூரையும் தேவாலயத்தை நினைவூட்டும். அந்தக் கட்டடம் வங்கிக்கும் பங்குச் சந்தைக்குமாகக் கட்டப்பட்டது. அப்படிப்பட்ட மண்டபத்தில் எழுத்தாளர்களால் நாள் முழுக்க உட்கார முடிந்தது என்பதே அதன் பெருமை.

லோஸ்

1899இல் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் வடிவமைத்த ‘மியூசியம்’ காபி இல்லம் இந்த மரபை உலுக்கியது. சுதை வேலைப்பாடு, பூங்கொடி, தங்கமுலாம் எதுவும் இல்லை. வளைகூரையில் பித்தளைப் பட்டைகள் ஓடின. மின்கம்பி அவற்றோடு சேர்ந்தே போனது. கோன் நிறுவனத்தின் வளைமர நாற்காலியை எடுத்து, கம்பின் குறுக்குவெட்டை முட்டை வடிவாக்கி, பலம் தேவையில்லாத இடங்களில் மெலியவைத்தார். விமர்சகர் ஹெவெசி அதற்கு ‘நிகிலிசம் காபி இல்லம்’ என்று பட்டப்பெயர் சூட்டினார்.

1908இல் லோஸ் அமைத்த அமெரிக்கன் பார் சுமார் 27 சதுர மீட்டர்தான். சுவரின் மேல்பகுதியில் மட்டும், நிற்பவரின் தலைக்கு மேலே, கண்ணாடி பதித்தார். வந்தவர் தன் முகத்தைப் பார்ப்பதில்லை. கட்டம் கட்டமான கூரைதான் கண்ணாடிக்குள் தொடர்ந்து போகிறது, அறை பல மடங்கு விரிகிறது. சிறிய இடத்தை என்ன செய்வது என்று திகைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது.

பின்னர்

காபி இல்லங்களின் உரிமையாளர்களிலும் வாடிக்கையாளர்களிலும் யூதர்கள் ஏராளமாக இருந்தனர். 1938இல் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபின் கடைகள் பறிக்கப்பட்டன. மக்கள் நாடுகடந்தனர் அல்லது கொல்லப்பட்டனர். மேசையும் நாற்காலியும் இருந்த இடத்தில் இருக்க, அவற்றுக்கு உயிர் கொடுத்தவர்கள் இல்லாமல் போனார்கள். போருக்குப் பிறகு நின்றபடி குடிக்கும் எஸ்பிரஸோ கடைகள் பெருகி, பழைய இல்லங்கள் பல மூடப்பட்டன. 1950களில் கட்டடக் கலைஞர் ஓஸ்வால்ட் ஹெர்ட்ல் புதுப்பித்த புரூக்கல் காபி இல்லம் அந்தத் தசாப்தத்தின் தோற்றத்தோடே இன்றும் நடக்கிறது. வியன்னா காபி இல்லப் பண்பாடு 2011இல் ஆஸ்திரியாவின் தேசிய மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

‘மியூசியம்’ காபி இல்லத்தின் பிற்கால வரலாறு உள்ளலங்காரம் படிப்பவர்களுக்குத் தனியாகப் பயன்படும். 1930களில் கட்டடக் கலைஞர் யோசெப் ஸோட்டி அதில் மெத்தை இருக்கைகளைப் போட்டார். 2003இல் அவற்றை அகற்றி லோஸின் மூல வடிவத்தை மீட்டனர். கலை வரலாற்றுப்படி சரியான செயல்தான். ஆனால் வழக்கமாக வந்தவர்களுக்குப் பழைய சொகுசு போய்விட்டது. 2010இல் ஸோட்டியின் மெத்தைகளே திரும்பி வந்தன.

வளைமர நாற்காலி கடல் கடந்து பம்பாய்க்கும் வந்தது. ஈரானிலிருந்து குடிபெயர்ந்த ஜரதுஷ்டிர மதத்தினர் தெருமுனைகளில் நடத்திய ஈரானி கடைகளான கயானி (1904), பிரிட்டானியா (1923) போன்றவற்றில் அதே வகை நாற்காலி, அதே பளிங்கு மேசை, அதே சுவர்க்கண்ணாடி. கூடவே கண்ணாடி ஜாடிகளில் பிஸ்கட், சுவரில் ஜரதுஷ்டிரர் படம். அங்கே வந்தவர்கள் ஆலைத் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் மாணவர்களும். கையில் வெண்ணெய் தடவிய பன்னான பன்மஸ்காவும் ஒரு சாயாவும். 2010இல் லண்டனில் தொடங்கிய திஷூம் உணவகம் இந்த ஈரானி கடைகளை மாதிரியாகக் கொண்டே தன் உள்ளறையை அமைத்தது.